வயல் லாகா மீனின் குஞ்சுகள் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: ஐயா, பேராக்கில் பாரிட் புந்தார் பக்கம் வயல் வாய்க்காலில் பிடித்த ஒரு ஜோடி லாகா மீன், அதாவது சண்டை மீன், என்னிடம் இருக்கிறது. ஆண் கருப்பு, செதிலெல்லாம் பச்சைநீலம், வால் ஓரத்தில் பிறை மாதிரி சிவப்பு. மூன்று தடவை நுரைக்கூடு கட்டி, முட்டையும் பொரித்தது. ஆனால் குஞ்சுகள் ஒரு வாரம் தாண்டுவதில்லை. கடையில் விற்கும் ஃபைட்டர் பெண்ணோடு சேர்த்தால் குஞ்சு பலமாக வருமா?

பதில்: தம்பி, அந்தக் கடைசி யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது பெட்டா இம்பெல்லிஸ். கெடா, பேராக் வயல்களுக்குச் சொந்தமான மீன். 1975இல் பெயர் வைத்தபோது 'சண்டைக் குணம் இல்லாதது' என்ற பொருளில் வைத்தார்கள். கடை ஃபைட்டரோ தாய்லாந்தின் பெட்டா ஸ்பிளெண்டென்ஸ் என்ற வேறு இனத்தின் வழி வந்தது. இரண்டும் சேரும், பிறக்கிற குஞ்சும் மேற்கொண்டு குஞ்சு போடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. கலப்பு மீன் ஒன்று வாய்க்காலில் விழுந்துவிட்டால் அப்புறம் யாரால் பிரித்தெடுக்க முடியும்? சிறுவயதில் தோட்டத்துக் கால்வாயில் மைலோ டின்னோடு முழங்கால் சேற்றில் நின்று பிடித்த மீன் இது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கடை ஃபைட்டரையோ வீட்டில் பிறந்ததையோ வாய்க்காலில் விடாதீர்கள்.

சரி, குஞ்சுகளுக்கு வருவோம். என்ன தீனி போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரத்துக்குள் மொத்தமாகப் போகிறது என்றால் பெரும்பாலும் பட்டினிதான். முட்டை ஒன்றரை நாளில் பொரிக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள்: நுரைக்கு அடியில் வால்கள் மட்டும் தொங்கும், கண்ணிமை முடி போல. ஒன்று நழுவினால் தகப்பன் பாய்ந்து வாயில் கவ்வி, மேலே கொண்டுபோய் நுரையில் ஒட்டும். இரண்டு மூன்று நாளில் கரு உணவு தீர்ந்து, குஞ்சுகள் கிடையாக நீந்தத் தொடங்கும். அன்றைக்கே வாய்க்கு ஏற்ற உயிருள்ள தீனி வேண்டும். தூள் தீனியை அவை தொடாது, கீழே படிந்து தண்ணீரைத்தான் கெடுக்கும். அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால்கூட முதல் சில நாளுக்குப் பெரிசு.

நான் செய்வது இது. முட்டையிடுவதற்கு ஒரு வாரம் முன்பே, பழைய தொட்டித் தண்ணீரில் ஒரு வாடிய முட்டைக்கோஸ் இலையைப் போட்டு, ஜாடியை வெளிச்சம் படும் ஜன்னலில் வைப்பேன். முதலில் பால் மாதிரிக் கலங்கி நாறும். நாற்றம் அடங்கித் தெளிய ஆரம்பித்ததும் இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால், தூசி தானாக நகர்வது போலத் தெரியும். அதுதான் இன்ஃபுசோரியா, குஞ்சு வாய்க்கு ஏற்ற நுண்ணுயிர். நாளைக்கு மூன்று நான்கு தடவை சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஐந்தாறு நாள் கழித்து ஆர்ட்டீமியாவுக்கு மாறலாம். குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்பியிருந்தால் சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம்.

முட்டையிட்டதும் தாயை எடுத்துவிடுங்கள், குஞ்சுகள் நீந்தியதும் தகப்பனையும். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அவற்றுக்குச் சில வாரம் கழித்துத்தான் வளரும், அதனால் மூடி நன்றாக மூடியிருக்கட்டும். மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த கெத்தாபாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்று போடுங்கள். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். ஒரு முறை அவசரத்தில் குளோரின் போகாத தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றி, அறுபது குஞ்சுகளை ஒரே இரவில் இழந்தேன். இன்றும் மனசு கேட்கவில்லை.

கேள்வி: பினாங்கு மலை ஓடையில் கிடைத்த பெட்டா பக்னாக்ஸ் ஆண் எட்டு நாளாகச் சாப்பிடவில்லை, தாடை வீங்கியிருக்கிறது. மருந்து போடலாமா?

பதில்: மருந்து வேண்டாம் அம்மா. இந்த இனம் நுரைக்கூடு கட்டாது. ஆண் முட்டைகளை வாய்க்குள் வைத்துத்தான் பொரிக்கும். இப்போது வாய்க்குள் முட்டை இருக்கிறது, அதனால்தான் பட்டினி. வலை போடாதீர்கள், தொட்டியைத் தட்டாதீர்கள், பயந்தால் விழுங்கிவிடும். தொட்டியைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிவிட்டு ஆர்ட்டீமியா முட்டையைப் பொரிக்கப் போடுங்கள். வாயிலிருந்து வெளியே வரும் குஞ்சு முதல் நாளே அதைத் தின்னும்.