சொல்வது யார்? பார்ப்பது யார்?
சிறுகதை எழுதும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 'நான்' என்று தன்மையில் எழுதினால் கதைக்குத் தனிக்குரல் வந்துவிடும் என்று நம்பி எழுதினேன். படித்துப் பார்த்தால் யாரோ நடந்ததை ஒப்பிப்பதுபோல இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: தன்மை, படர்க்கை என்பதெல்லாம் கதைசொல்லி நிற்கும் இடம் மட்டுமே. அங்கே நின்று யாரிடம் பேசுகிறார், சம்பவம் நடந்து எவ்வளவு காலம் கழித்துப் பேசுகிறார் என்பதில்தான் குரல் பிறக்கிறது. குறுந்தொகைப் பாட்டுகளோடு வரும் கூற்றுக் குறிப்புகளைப் பாருங்கள். பேசுவது தலைவியா, தோழியா, செவிலியா, கேட்பது யார், எந்தச் சமயம், எல்லாம் ஓரிரு வரியில் இருக்கும். உங்கள் கதைக்கும் அப்படி ஒரு குறிப்பை, கதையைத் தொடங்கும் முன்பே, ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மகள், அப்பா வீட்டை விற்றதைச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவே தம்பியிடம் சொன்னால்: "கையெழுத்துப் போட்டாச்சுடா. அப்பா பேனாவை மூடக்கூட இல்லை. நீ இருந்திருந்தால் தடுத்திருப்பாய்." இருபது வருடம் கழித்துத் தன் மகளிடம் சொன்னால்: "உன் தாத்தா பேனாவை மூடாமலே எழுந்துவிட்டார். மனசு வராமல்தான் அப்படி எழுந்தார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கடன் தீர்ந்த நிம்மதியில் மூட மறந்திருக்கிறார்." பேனா ஒன்றுதான். முதல் குரல் குற்றம் சாட்டுகிறது, இரண்டாவது தன் பழைய குற்றச்சாட்டைத் திருத்துகிறது.

ஒப்பிப்பதுபோல ஒலிக்க இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் 'வந்தேன்' என்றாலே அதற்குள் 'நான்' இருக்கிறது. ஒரு பக்கத்தை எடுத்து, அதிலுள்ள 'நான்'களை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். வேறொருவரிடமிருந்து பிரித்துக் காட்டவோ அழுத்தம் தரவோ தேவைப்படும் இடங்களில் மட்டும் திரும்பப் போடுங்கள். 'மழை பெய்வதைப் பார்த்தேன்' என்பதற்கும் 'மழை பெய்தது' போதும். பார்த்தது கதைசொல்லிதான் என்று வாசகருக்கு ஏற்கெனவே தெரியும்.

கேள்வி: படர்க்கையில் எழுதுகிறேன். பாத்திரத்தின் மனத்துக்குள் போகும்போதெல்லாம் 'என்று நினைத்தாள்', 'என்று எண்ணினாள்' என்று வந்துகொண்டே இருக்கிறது. தவிர்க்க முடியுமா?

பதில்: முடியும். இதற்குத் தமிழ் தரும் வசதியைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரே நினைப்பை மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம்.

ஒன்று: "நாளைக்கு எப்படி அவர் முகத்தில் விழிப்பேன்?" என்று நினைத்தாள்.
இரண்டு: மறுநாள் அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கவலைப்பட்டாள்.
மூன்று: கதவைச் சாத்தினாள். நாளைக்கு எப்படி அவர் முகத்தில் விழிப்பது? கேட்டால் என்ன சொல்வது?

மூன்றாவதில் பேசுவது கதைசொல்லியா, அவளா? இருவரும்தான். இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 'விழிப்பேன்' என்றால் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்; மேற்கோள் குறியும் 'என்று'வும் தேவைப்படும். 'விழிப்பது', 'சொல்வது' ஆகியவற்றில் தன்மையும் இல்லை, படர்க்கையும் இல்லை. 'போக வேண்டும்', 'பிடிக்கவில்லை', 'தெரியாது' போன்ற வினைகளும் அப்படியே. மனத்துக்குள் நுழையும் முதல் வாக்கியத்துக்கு இந்த வினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலத்தையும் இடத்தையும் சுட்டும் சொற்கள் பாத்திரத்தினுடையதாக இருக்கட்டும்: 'மறுநாள்' வேண்டாம், 'நாளைக்கு' போதும்; 'அங்கே' வேண்டாம், 'இங்கே' போதும். நுழைவதற்குச் சற்று முன்னால் அவள் செய்யும் சிறு செயல் ஒன்று இருக்க வேண்டும். கதவைச் சாத்தியது அதற்காகத்தான். அது இல்லாவிட்டால் நினைப்பு யாருடையது என்று வாசகர் தடுமாறுவார்.

இரண்டு பெண்கள் இருக்கும் காட்சியில் 'அவள்' குழப்பும். அங்கே 'தன்' கைகொடுக்கும். 'தன் தவறை அக்காவிடம் சொன்னாள்' என்றால் ஐயமே இல்லை. 'அவள் தவறை' என்றால் வேறு யாருடையதாகவும் இருக்கலாம்.

இந்த உத்தியில் அடிக்கடி நேரும் பிழை, பாத்திரத்தின் வாயில் வரவே வராத சொல் அவள் நினைப்புக்குள் புகுந்துவிடுவது. எட்டு வயதுச் சிறுமியின் மனம் 'இருத்தலின் வெறுமை' என்று யோசிக்காது. அந்தச் சொல் வேண்டுமென்றால் அதைக் கதைசொல்லியின் வாக்கியத்தில் வையுங்கள்.

கேள்வி: ஒரே காட்சியில் இருவர் மனத்தையும் காட்டினேன். 'பார்வை தாவுகிறது' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாம் அறிந்த கதைசொல்லிக்கு அந்த உரிமை இல்லையா?

பதில்: உண்டு. ஆனால் அந்த உரிமையைக் கதையின் முதல் பத்தியிலேயே காட்டிவிட வேண்டும். நான்கு பக்கம் ஒருவர் தோளிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் திடீரென்று எதிரே இருப்பவர் மனத்துக்குள் போனால் வாசகர் அதைப் பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார். பிரெஞ்சு ஆய்வாளர் ழெரார் ழெனெத் 1972இல் 'பேசுவது யார்', 'பார்ப்பது யார்' என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்து வைத்தார். உங்கள் காட்சியில் பேசுவது ஒருவரே. பார்ப்பவர்தான் சொல்லாமல் மாறியிருக்கிறார்.

திருத்தும் வழி எளிது. இரண்டு நிறப் பென்சில் எடுத்துக்கொண்டு, முதலாமவருக்கு மட்டுமே தெரியக்கூடிய வாக்கியங்களை ஒரு நிறத்திலும் மற்றவருடையதை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். இரண்டாம் நிறம் ஓரிரண்டு இடத்தில் மட்டும் இருந்தால், அவற்றை வெளியில் தெரியும் செயலாக மாற்றிவிடலாம். 'அவனுக்குச் சலிப்பாக இருந்தது' என்பது 'அவன் செருப்பைத் தேடத் தொடங்கினான்' என்று ஆகும். பாதிக்குப் பாதி இருந்தால், இடைவெளி விட்டுக் காட்சியைப் பிரியுங்கள். இதைவிடக் கண்ணுக்குப் படாத கசிவும் உண்டு: அவள் பார்வையில் போகும் கதையில் 'அவள் முகம் சிவந்தது' என்று வரும். தன் முகத்தை அவளால் பார்க்க முடியாதே. அவளுக்குத் தெரிவது காது மடல் சுடுவதுதான்.

கேள்வி: கதை சொல்லும்போது 'அவன்' போடுவதா 'அவர்' போடுவதா என்று ஒவ்வொரு முறையும் தயங்குகிறேன்.

பதில்: நல்ல தயக்கம். தமிழில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும்போது, அவருக்கு மரியாதை தருகிறோமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் வினையின் விகுதியே காட்டிவிடும். ஆகவே யாரைப் பற்றிய கதையானாலும் முதல் வரியிலேயே கதைசொல்லி ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். முதலாளிக்கு 'வந்தார்', அதே வயதுள்ள காவலாளிக்கு 'வந்தான்' என்று நீங்கள் எழுதினால், அந்த ஏற்றத்தாழ்வு கதைசொல்லியுடையதாகிவிடும். பாத்திரத்தின் பார்வை என்று வாசகருக்குத் தெரிந்தால் அதுவே கூர்மையான குணச்சித்திரம். தெரியாவிட்டால் பழி உங்கள்மேல் விழும். 'அப்பா வந்தார், அம்மா வந்தாள்' என்று பேசும் வீடுகள் நிறைய உண்டு. குழந்தையின் பார்வையில் எழுதும்போது அதை அப்படியே விடுங்கள், சமப்படுத்த வேண்டாம். அந்த வீட்டைப் பற்றி அந்த இரண்டு விகுதிகளே பேசும். கதை நடுவில் ஒருவரை 'அவர்' என்பதிலிருந்து 'அவன்' என்பதற்கு இறக்கினால் அது பெரிய நிகழ்வு. கைதவறி நடக்கக் கூடாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பாத்திரத்துக்குமான விகுதியைத் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: முழுக்கதையையும் நிகழ்காலத்தில் எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் 'அவன் வருகிறான்' என்பது தமிழில் இப்போது வருவதையும் தினமும் வருவதையும் குறிக்கும். அதனால் தொடர்ந்து வந்தால் கதைச்சுருக்கம் படிப்பதுபோல ஆகிவிடும். 'வந்துகொண்டிருக்கிறான்' என்று நீட்டினால் நடை கனக்கும். சிறு கதைக்குத் தாங்கும். நீண்ட கதையில் உச்சக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொய் சொல்லும் கதைசொல்லியை உருவாக்குகிறேன். வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணராமல் எப்படிச் செய்வது?

பதில்: 'நம்பத்தகாத கதைசொல்லி' என்ற கருத்தை அமெரிக்க இலக்கிய விமர்சகர் வெய்ன் பூத் 1961இல் வகுத்துத் தந்தார். செய்யும்போது பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: கதைசொல்லி தரும் விளக்கம் பொய்யாக இருக்கலாம், அவர் கண்முன் நடந்தவை மட்டும் வாசகருக்கு வந்து சேர வேண்டும். "நான் கோபப்படவே இல்லை. டம்ளர் கைதவறி விழுந்தது. சுவரில் பட்டுத்தான் உடைந்தது." கைதவறிய டம்ளர் சுவருக்கு எப்படிப் போயிற்று? அந்த ஒரு சொல்லை ஒளிக்காமல் வைத்ததால்தான் வாசகர் உண்மையைத் தானே கண்டுபிடிக்கிறார். பிறர் பேச்சை அப்படியே எடுத்துச் சொல்ல வையுங்கள். தனக்கு எதிரான சாட்சியை அவரே கொண்டுவந்துவிடுவார். அவர் நம்ப விரும்பாத செய்திக்கு 'அழுதாளாம்' என்று 'ஆம்' சேர்ந்தால் போதும், விலகல் தெரியும். 'நாங்கள்' எங்கே 'நாம்' ஆகிறது என்றும் கவனியுங்கள். 'நாம்' என்றதும் கேட்பவரும் அவர் பக்கம் சேர்க்கப்படுகிறார். தன்னை நியாயப்படுத்த ஆள் தேடும் கதைசொல்லி, சங்கடமான இடம் வரும்போதுதான் 'நாம்' என்பார்.