"அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் மரபணு மாற்றம்). அதிகம் பேச மாட்டான். பாபநாசம் பக்கம் கிராமம். இரண்டு மாதமாகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான், பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறான். "இந்த மாதிரிப் பிள்ளைகள் அப்படித்தான்" என்கிறார்கள். வீட்டுக்கு வரும் நர்ஸ் பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றினால் உதறிவிட்டு ஓடுகிறான். என்ன செய்வது?

பதில்: சகோதரி, இத்தனை வருஷம் அறைந்துகொள்ளாதவன் இப்போது அறைந்துகொள்கிறான் என்றால் அது அவன் சுபாவம் இல்லை. எங்கோ வலிக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன். "அப்படித்தான்" என்ற பேச்சாலேயே சொத்தைப் பல்லோடு மாதக்கணக்கில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கே டார்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் கருப்பு இருக்கிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா? அப்புறம் காது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் காதுத் துளை குறுகலாக இருக்கும், குறும்பி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கோழி இறகு விடுவது, எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது எதுவும் வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும். மலச்சிக்கல் இருந்தாலும் சோறு இறங்காது. தைராய்டு ரத்தப் பரிசோதனை அவனுக்கு ஆண்டுக்கு ஒரு முறை தேவை.

பட்டை இறுக்குவது அவனுக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். முதலில் உங்கள் கையில் சுற்றச் சொல்லுங்கள். பட்டனை அவனே அமுக்கட்டும். இரண்டு மூன்று முறை வேடிக்கை பார்த்த பிறகு கையை நீட்டுவான். நாலு பேர் பிடித்து அமுக்கி எடுத்தால் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டும், அதை நம்ப முடியாது.

2021-ல் தொடங்கிய, வீடு தேடி வந்து பார்க்கும் தமிழக அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் பெரும்பாலும் பிரஷர், சுகர்தான் பார்ப்பார்கள். எடையையும் எடுத்து எழுதச் சொல்லுங்கள். சாப்பாடு குறைந்தது அதில் தெரிந்துவிடும். நீங்களும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: வழக்கமாக எவ்வளவு சாப்பிடுவான், எப்போது தூங்குவான், முன்பு வலி வந்தபோது என்ன செய்தான், என்ன மாத்திரை போடுகிறான். அவனுடைய இயல்பு என்னவென்று எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி, கூட்டத்தில் காத்திருக்காமல் பார்க்க ஏற்பாடு கேளுங்கள்.

நடை தள்ளாடினாலோ, கை பலம் குறைந்தாலோ, புதிதாகச் சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். இவர்களுக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்வாக இருக்கக்கூடும். கழுத்தைத் திருப்பி நீவி விடாமல் நேரே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.