இரும்பு மண்ணில் தங்கம் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி–பதில்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தங்கம் தேடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. கடைசிக் கேள்வி மட்டும் நீலகிரியிலிருந்து.

கேள்வி: கடற்கரையில் நாணயம் தேட வாங்கிய வி.எல்.எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண் அலையில் இயங்கும்) டிடெக்டர் என்னிடம் இருக்கிறது. வெடர்பர்ன் பக்கம் கொண்டுபோனால் விடாமல் கத்துகிறது. சென்சிட்டிவிட்டியை, அதாவது உணர்திறனை, குறைத்தால் அமைதியாகிறது, ஆனால் எதுவும் அகப்படவில்லை. மெஷின் பழுதா? (மெல்பர்ன் வாசகர்)

மெஷினில் குறையில்லை. அந்த மண்ணுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

வெடர்பர்ன், டனோலி, டார்னகுல்லா வட்டாரத்துச் செம்மண்ணிலும் சரளையிலும் மேக்னடைட், மேகமைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாதுக்கள் நிறைய. வி.எல்.எஃப் கருவி இடைவிடாமல் அலையை அனுப்பிக்கொண்டே, திரும்பி வருவதையும் அதே நேரத்தில் கேட்கிறது. அப்போது இரும்புத் தாதுவின் பதில், அரிசி அளவுத் தங்கத்தின் பதிலைவிடப் பல நூறு மடங்கு பலமாக வரும். தவில் அடிக்கும் இடத்தில் கொலுசுச் சத்தத்தைத் தேடுகிற கதைதான். போதாக்குறைக்கு, சின்னத் தங்கத்தின் சிக்னலை மண்ணின் சிக்னல் தன் பக்கம் இழுத்துவிடுவதால் திரையில் அது 'இரும்பு' என்றே காட்டும். இரும்பைக் கேட்காமல் விடும் டிஸ்கிரிமினேஷன் வசதியைப் போட்டிருந்தால் தங்கத்தின் மேலேயே சத்தமில்லாமல் கடந்து போய்விடுவீர்கள்.

புதுக் கருவி வாங்கும்வரை இப்படிச் செய்யுங்கள். டிஸ்கிரிமினேஷனை முழுக்க அணைத்து 'ஆல் மெட்டல்' நிலைக்குப் போங்கள். மண் நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் மண்ணின் சிக்னலைக் கழித்துவிடும் கிரவுண்ட் பேலன்ஸை மறுபடி செய்யுங்கள். இரும்புக்கல் குறைந்த வெளிர் மண், அடிப்பாறை மேலே தெரியும் சரிவு, பழைய ஆட்கள் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போன இடம், இவற்றில் மட்டும் தேடுங்கள். அங்கேகூடச் சில சென்டிமீட்டர் ஆழம்தான் எதிர்பார்க்கலாம்.

1980 செப்டம்பரில் வெடர்பர்னுக்கு அருகே கிங்கோவரில் கெவின் ஹில்லியர் 27 கிலோவுக்கு மேல் எடையுள்ள 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியை எடுத்தது அந்தக் காலத்துக் கேரட் (Garrett) நிறுவன டிடெக்டரில்தானே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அது ஏறக்குறைய 30 செ.மீ ஆழத்தில் இருந்த மாபெரும் கட்டி. அந்த அளவு உலோகம் எந்த மண்ணையும் மீறிப் பேசும். இன்று அங்கே மிச்சமிருப்பது பெரும்பாலும் ஒரு கிராமும் அதற்குக் குறைந்ததும்.

இந்த மண்ணுக்கு ஏற்றது பல்ஸ் இண்டக்‌ஷன், சுருக்கமாக பி.ஐ. அடிலெய்டிலிருந்து மைன்லேப் நிறுவனம் 1995-இல் எஸ்.டி. 2000 என்ற மாடலைக் கொண்டுவந்த பிறகுதான், 'எல்லாம் எடுத்தாயிற்று' என்று கைவிட்ட இடங்களில் மறுபடி தங்கம் வரத் தொடங்கியது. பி.ஐ. கருவி ஒரு துடிப்பை அனுப்பி, நிறுத்தி, சில மைக்ரோ விநாடி கழித்துக் கேட்கிறது. மேக்னடைட்டின் சாதாரணப் பதில் துடிப்போடு சேர்ந்தே அடங்கிவிடும். தங்கத்துக்குள் சுழலும் மின்னோட்டம் இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பிடிபடுவதே சிக்னல்.

கேள்வி: பி.ஐ. மெஷின் என்றால் மண் தொந்தரவே இருக்காது என்றார்கள். வாடகைக்கு எடுத்துக்கொண்டு லியனோரா பக்கம் போனேன். பத்தடிக்கு ஒருமுறை சத்தம் ஏறி இறங்குகிறது. கிரவுண்ட் பேலன்ஸ் செய்தும் தீரவில்லை. எங்கே தவறு? (பெர்த் வாசகர்)

பி.ஐ.க்கும் மண் தொந்தரவு உண்டு. மிக நுண்ணிய மேகமைட் துகள்கள் துடிப்பு நின்ற பிறகும் காந்தத்தை உடனே விடுவதில்லை, மெல்ல மெல்ல விடும். கருவியின் காதில் அதுவும் உலோகம் போலவே விழும். காட்டுத்தீயில் வெந்த மண்ணிலும், சரளையாகக் கிடக்கும் கறுப்பு இரும்புக்கல் உருண்டைகளிலும் இந்த மேகமைட் அதிகம். கிரவுண்ட் பேலன்ஸ் கழிப்பது இந்த மெல்லத் தேயும் பதிலைத்தான். மண் மாறினால் கழிக்க வேண்டிய அளவும் மாறும்.

வரிசை முக்கியம். முதலில் போனை ஏர்பிளேன் நிலையில் போட்டு முதுகுப் பைக்கு மாற்றுங்கள். இரும்பு முனை வைத்த பூட்ஸ், பெரிய பெல்ட் கொக்கி வேண்டாம். கூட வந்தவர் மெஷினிலிருந்து குறைந்தது நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். அடுத்தது நாய்ஸ் கேன்சல், அதாவது சுற்றுப்புற மின் இரைச்சலைத் தவிர்க்கும் அமைப்பு. காயிலை (தரைமேல் வீசும் தட்டை) அசைக்காமல் பிடித்து, அது முடியும்வரை காத்திருங்கள். மைன்லேபின் பழைய ஜி.பி.எக்ஸ் மாடல்களில் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். பலர் பாதியிலேயே நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மின்கம்பியும் இடியும் தரும் இரைச்சலை மண் இரைச்சல் என்று நினைத்துப் பிறகு நாள் முழுக்கப் போராட வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் கிரவுண்ட் பேலன்ஸ். செய்யப்போகும் இடத்தில் உலோகம் எதுவும் இல்லை என்று முதலில் வீசிப் பாருங்கள். ஆணி மேல் பேலன்ஸ் செய்தால் எல்லாமே கெடும். பட்டனை அழுத்திக்கொண்டே காயிலைத் தரைக்கு 2 செ.மீ உயரத்திலிருந்து 15, 20 செ.மீ வரை மெல்லத் தூக்கி இறக்குங்கள். ஐந்தாறு முறையில் சத்தம் ஒரே சீராகும். பட்டனை விட்ட பிறகும் இரண்டு முறை தூக்கி இறக்குங்கள். இறக்கும்போது சத்தம் ஏறினால் பேலன்ஸ் ஆகவில்லை என்று பொருள். மைன்லேபின் ஜி.பி.இசட். 7000 கருவி வைத்திருப்பவர்கள் கூடவே வரும் ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான் போன்ற பொருள்) வளையத்தைத் தரையில் வைத்து, பட்டனை அழுத்தியபடி அதன் மேல் காயிலை வீச வேண்டும். வளையத்தின் சத்தம் மறைந்த பிறகு அதை எடுத்துப் பையில் போட மறக்காதீர்கள்.

தானாகவே மண்ணைப் பின்தொடரும் டிராக்கிங் வசதி நல்லதுதான். ஆனால் மங்கலான ஒரு சிக்னல் மேல் பத்து முறை ஆட்டிக்கொண்டே இருந்தால், டிராக்கிங் அதையும் மண் என்று எண்ணி அழித்துவிடும். சந்தேகமான சத்தம் வந்ததும் டிராக்கிங்கை நிறுத்திவிட்டு, ஓரடி தள்ளி நல்ல மண்ணில் பேலன்ஸ் செய்துவிட்டு வந்து சோதியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அலைபாய்ந்தால் காயிலைக் கழற்றிப் பாருங்கள். அடியில் போடும் பிளாஸ்டிக் உறைக்குள் இரும்புக்கல் தூள் சேர்ந்திருக்கும். ஒரு கைப்பிடித் தூள் போதும், நாள் முழுக்கக் கிறுகிறுக்கும். தண்டின் மேல் சுற்றிய கேபிள் தளர்ந்து ஆடினாலும் பொய்ச் சத்தம் வரும். இரண்டையும் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகாது.

கடைசியாக, எங்கள் அனுபவத்தில் அதிகம் பேர் மறுக்கும் விஷயம்: சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். அதை ஏற்றினால் ஆழம் கூடும் என்பது அமைதியான மண்ணுக்குச் சரி. சூடான மண்ணில், அதாவது இரும்புத் தாது மிகுந்து கருவியைக் கத்தவைக்கும் மண்ணில், அது இரைச்சலையும் சேர்த்தே ஏற்றும். ஆழத்தில் இருக்கும் கட்டியின் சிக்னல், தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அது, கருவி எப்போதும் எழுப்பும் மெல்லிய ஒலியான த்ரெஷோல்ட் ஹும்மில் ஒரு சின்ன நெளிவாகத்தான் கேட்கும். அந்த ஹும் நடுங்காமல் இருந்தால்தான் நெளிவு காதில் படும். ஆகவே ஹும் சீராகும்வரை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். அதே கணக்கால், காயிலைத் தேவைக்கு மேல் தூக்கி வீசுவதும் நஷ்டமே. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு வீச்சு மூன்று நான்கு விநாடி எடுக்கட்டும்.

கேள்வி: மோனோ காயிலா, டபுள் டி காயிலா? எந்த அளவு? (பெண்டிகோ வாசகர்)

ஒரே கம்பிச் சுருளே அலையை அனுப்பவும் கேட்கவும் செய்யும் மோனோ காயில் அதிக ஆழம் போகும், ஓரத்தில் கூர்மையாகக் கேட்கும், மண் இரைச்சலையும் அதிகம் எடுக்கும். முதலில் 11 அங்குல மோனோ. பேலன்ஸும் சென்சிட்டிவிட்டியும் சரிசெய்த பிறகும் அடங்காவிட்டால் மட்டும் இரண்டு D வடிவச் சுருள் கொண்ட டபுள் டி. ஒரு கிராமுக்குக் குறைந்த தங்கத்துக்கு 8 முதல் 11 அங்குலம், ஆழத்துப் பெரிய கட்டிக்கு 14 முதல் 17. பெரிய காயில் ஒரே வீச்சில் அதிக மண்ணைப் பார்ப்பதால் மண் சத்தமும் அதிகம். மோனோவின் புலம் கீழே போகப் போகக் குறுகும். அதனால் அடுத்த வீச்சு முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும்.

உப்பு ஏரி ஓரமும் மழை பெய்த களிமண்ணும் தனிச் சிக்கல். உப்பு ஈரத்தின் சிக்னல் மிக வேகமாகத் தேயும், பொடித் தங்கமும் அப்படித்தான் தேயும். உப்பை அடக்கும் டைமிங் (துடிப்பு நின்று எவ்வளவு நேரம் கழித்துக் கேட்பது என்ற அமைப்பு) போட்டால் பொடித் தங்கமும் கூடவே போகும். மண் காயும்வரை பொறுப்பது மேல்.

கேள்வி: சிக்னல் வந்து முழங்கால் ஆழம் தோண்டினால் ஒன்றுமில்லை. இது சூடான கல்லா (உலோகம் போல ஒலிக்கும் இரும்புக்கல்லா), மண்ணா, தங்கமா என்று தோண்டும் முன் தெரிந்துகொள்ள வழி உண்டா? (பல்லாரட் வாசகி)

முழு உறுதி கிடையாது, ஆனால் வீண் குழிகளைப் பெரிதும் குறைக்கலாம். வந்த திசைக்குக் குறுக்காக நின்று மறுபடி வீசுங்கள். இரு திசையிலும் ஒரே இடத்தில் கேட்டால் நல்ல அறிகுறி. ஒரு பக்கம் மட்டும் வந்தால், அல்லது இடம் நகர்ந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் மண். பிறகு காயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். மண் சத்தம் சட்டென்று செத்துவிடும், உலோகம் மெல்லத் தேயும்.

அடுத்து பூட்ஸால் மேல் மண்ணை 5 செ.மீ இழுத்துத் தள்ளுங்கள். சத்தம் மறைந்து தள்ளிய மண்ணில் கேட்டால், அது மேலே கிடந்த இரும்புக்கல்லாகவோ ஈயக் குண்டாகவோ பொடித் தங்கமாகவோ இருக்கலாம். அள்ளிப் பாருங்கள். சத்தம் அகலமாகப் பரவினால் களிமண் மேடு. கூர்மையானால் தோண்டுங்கள்.

பிக்காசின் தலையில் பலமான காந்தம் ஒன்றை ஒட்டிவைத்துக் குழியில் துழாவினால் ஆணியும் பழைய பூட்ஸ் ஆணியும் தானே வந்து ஒட்டும். விக்டோரியாவில் பூட்ஸ் ஆணிதான் பெரிய எதிரி, சின்னத் தங்கம் போலவே ஒலிக்கும். ஒவ்வொரு அடுக்கு எடுத்த பிறகும் குழியை மட்டுமல்ல, வெளியே போட்ட மண்ணையும் சோதியுங்கள். உங்களுக்கு 'ஒன்றுமில்லை' என்று முடிந்த குழிகளில் சில இப்படி மண் குவியலில் தப்பியவையாக இருக்கும். குவியலில் கேட்டால் பிளாஸ்டிக் ஸ்கூப்பில் அள்ளி, காயில் மேல் காட்டி, சத்தம் வரும் பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியைக் கொட்டுங்கள். நான்கைந்து முறை பாதியாக்கினால் உள்ளங்கை மண்தான் மிஞ்சும்.

பி.ஐ. கருவிகளில் சின்னத் தங்கம் ஏறி இறங்கும் ஒலியாகவும், பெரியதோ ஆழமானதோ இறங்கி ஏறும் ஒலியாகவும் வரும். இரண்டையும் தோண்ட வேண்டும். இரும்பைப் பிரித்துக் காட்டும் வசதியை ஆழத்து சிக்னலில் நம்பாதீர்கள்.

கேள்வி: என்ன அனுமதி வேண்டும்? (இருவர் கேட்டது)

இரு மாநிலத்திலும் மைனர்ஸ் ரைட் என்ற தேடும் உரிமம். விக்டோரியாவில் 10 ஆண்டுக்குச் செல்லும், மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆயுளுக்கும். விக்டோரியாவில் கைக்கருவி மட்டும். தேசியப் பூங்காக்கள் பொதுவாகத் தடை, தனியார் நிலத்துக்கு உரிமையாளர் சம்மதம் தேவை. தோண்டிய குழியை மூடியே ஆக வேண்டும், பூர்வகுடிப் பாரம்பரிய இடங்களைத் தொடக்கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரேஷன் லைசென்ஸ் (கனிமம் தேடும் உரிமம்) பகுதிக்குள் போக 40இ பெர்மிட் தனியே வாங்க வேண்டும், அது 3 மாதம் செல்லும். மைனிங் லீஸ் (சுரங்கக் குத்தகை) என்றால் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் நுழையாதீர்கள். கிளம்பும் அன்று காலையிலும் லைசென்ஸ் பகுதிகளைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள், லைசென்ஸ் நிலை மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: தேவாலா, பந்தலூரில் அந்தக் காலத்தில் தங்கச் சுரங்கம் இருந்தது. அங்கே டிடெக்டர் வைத்துத் தேடலாமா? (கூடலூர் வாசகர்)

கூடாது, பலனும் இல்லை.

விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மைத்தையே வரவழைத்துத்தான் அன்று இந்தப் பகுதியை ஆராய்ந்தார்கள். அவருடைய அறிக்கை 1880-இல் வந்தது. லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, சில ஆண்டுகளிலேயே சரிந்தன. அங்குள்ள தங்கம் வெள்ளைக்கல் ரீஃபுக்குள் (பாறை நரம்புக்குள்) பைரைட் என்ற இரும்பு–கந்தகத் தாதுவோடு கலந்து பெரும்பாலும் நுண்துகளாக இருக்கிறது. டிடெக்டருக்கு மின்னோட்டம் சுழலும் அளவுக்கு ஒரே துண்டான உலோகம் வேண்டும். தூளாகச் சிதறிய தங்கம் கிலோ கணக்கில் கல்லுக்குள் இருந்தாலும் அதற்குக் கேட்காது. ஆற்று மணலில் இருக்கும் பொடிக்கும் இதே கதிதான். அதற்கு மரவையில் அலசுவதுதான் முறை.

சட்டமும் இடம் தராது. சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் 1957-இன்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே குற்றம், 5 ஆண்டு வரை சிறை உண்டு. காட்டு நிலமானால் வனச் சட்டமும் சேரும். தோண்டும்போது பழைய நாணயமோ நகையோ கிடைத்து, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பழைய சுரங்க வாய்கள் புதர் மூடிக் கிடக்கும் பகுதி அது. டிடெக்டரைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது.