மலையேற்றத்துக்கு சேஃப்டி ஷூ போதுமா?

கேள்வி: மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் நண்பர்களுடன் நாகலாபுரம் மலைக்குச் செல்கிறேன். கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவும், ஆறு வருடங்களுக்கு முன் வாங்கி இரண்டே முறை போட்ட ட்ரெக்கிங் பூட்ஸும் இருக்கின்றன. எதைப் போடலாம்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இரண்டையும் தவிர்ப்பதே நல்லது. கனமான பொருள் விழுந்தால் விரல்களைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது சேஃப்டி ஷூ. மலையிறக்கத்தில் பாதம் முன்னோக்கிச் சரிந்து, விரல்கள் அதன் இரும்புக் கவசத்தில் திரும்பத் திரும்ப இடிப்பதால் நகத்தடியில் இரத்தம் கட்டிவிடும்.

பழைய பூட்ஸைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பல பூட்ஸ்களில் அடிச்சோலுக்கு மேலே மெத்தைபோல் இருக்கும் பகுதி பாலியூரிதேன் நுரையால் ஆனது; காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளைச் சிறுகச் சிறுக அறுத்துவிடும். போடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும் என்பதோடு, வடசென்னை போன்ற கடலோரப் புழுக்கத்தில், காற்றோட்டமில்லாத பரணில், இன்னும் விரைவாகவே நடக்கும். மேல்தோல் புதிதுபோலவே இருக்கையில், பாதி வழியில் சோல் மட்டும் கழன்று வந்துவிடும். சோலின் பக்கவாட்டைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள்; பூட்ஸை இரு கைகளாலும் வளைத்துப் பாருங்கள். மாவாக உதிர்ந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ ஒட்டிப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும், ஆறு வருடப் பழசை நம்பி மலைக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாகலாபுரத்தில் ஓடையில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும் என்பதால், நீர்புகா ஷூவுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் உள்ளே புகுந்தது வெளியேற வழியிருக்காது. வலைத்துணி மேற்பகுதியும், மென்மையான ரப்பர் சோலில் 4 அல்லது 5 மி.மீ. ஆழப் பற்களும் கொண்ட ஷூ போதும். ஆனாலும் பாசி படிந்த பாறையில் எந்த சோலும் வழுக்கும். அங்கே நிதானம் அவசியம்.

ஷூ வாங்க சென்னை பெரியமேட்டுக் கடைகளுக்கு மாலையில் போங்கள், ஏனெனில் நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மலைக்குப் போடும் சாக்ஸையே அணிந்து லேஸைக் கட்டிக்கொண்டு, முன்பாதத்தைத் தரையில் தட்டிப் பாருங்கள். விரல் முனை இடிக்காமல் ஏறத்தாழ ஒரு செ.மீ. இடமும், நடக்கையில் குதிகால் எழும்பாத பிடிப்பும் இருக்க வேண்டும். நனைந்த பருத்தி எளிதில் கொப்புளம் கொண்டுவரும் என்பதால் சாக்ஸ் செயற்கை இழையாகவோ கம்பளியாகவோ இருக்கட்டும். புது ஷூவுடன் இரண்டு வாரமாவது மாடிப்படி ஏறி இறங்கிப் பழகிவிட்டுப் புறப்படுங்கள்.