கஞ்சாவுக்குப் பிறகு மனம் குழம்பினால்: மனநல மருத்துவர் பதில்கள்

கே (கூடலூர்): தம்பிக்கு 23 வயது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. கூட்டாளிகள் கஞ்சா பழக்கிவிட்டார்கள். ஒரு வாரமாகத் தூக்கமில்லை, சுவருக்குள் ஆள் இருப்பதாகச் சொல்கிறான். குறைபாடு முற்றிவிட்டதா டாக்டர்?

ப: இல்லைம்மா, அது ஒரு வாரத்தில் முற்றுகிற விஷயம் அல்ல. கஞ்சாதான் முதல் சந்தேகம். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. பல்வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலையில் பட்ட அடி என எதையும் வாயால் சொல்லத் தெரியாதவர்கள் கத்தியும் அடித்தும்தான் காட்டுவார்கள். சிறுநீர்ப் பரிசோதனையை மட்டும் நம்பவும் முடியாது. தொடர்ந்து இழுத்தவருக்கு, நிறுத்தி வாரக்கணக்கான பிறகும் கஞ்சா தெரியும்.

இன்னொன்று, "குரல் கேட்குதா?" என்று கேட்காதீர்கள். இவர்களில் பலர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். முன்பு எப்படித் தூங்கினான், சாப்பிட்டான், தனக்குத்தானே பேசுவானா, எந்த நாளிலிருந்து மாறினான் என்று எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு ஸ்கேனைவிட அந்தத் தாள்தான் உதவும். கஞ்சாவை விட்டால் பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ அடங்கும். ஒரு மாதம் தாண்டினால் வேறு மனநோயா என்று பார்ப்போம்.

கே (குன்னூர்): என் மகனுக்கும் அறிவுசார் குறைபாடு. ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரை ஆரம்பித்ததும் எச்சில் வடிகிறது, நடை விறைத்துவிட்டது. நிறுத்திவிடவா?

ப: நீங்களாக நிறுத்தாதீர்கள், நாளைக்கே காட்டுங்கள். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கவிளைவு சீக்கிரம் வரும். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறோம். விறைப்புக்கு ட்ரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரையைச் சேர்ப்பது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. மலச்சிக்கலைக் கூட்டும், அதுவே குழப்பமும் தரும். முதலில் அளவைக் குறைத்துப் பார்ப்பேன். கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டையாக விறைத்து, நினைவும் தடுமாறினால் உடனே 108. ராத்திரியில் மலை இறங்க வேண்டுமே என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கே (கோத்தகிரி): எங்கள் பெண்ணுக்குப் போதைப் பழக்கமே இல்லை. வலிப்பு மாத்திரை மாற்றியதிலிருந்து எல்லோரையும் சந்தேகப்படுகிறாள்.

ப: லெவெடிராசிட்டமா? அது சிலருக்கு எரிச்சல், சந்தேகம், மாயக்குரல்கூடத் தரும். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், மருத்துவரே மாற்றட்டும். அப்புறம், வேலியோரம் மணி மாதிரிப் பெரிய வெள்ளைப் பூ தொங்கும் செடி ஊமத்தைக்கு உறவுச் செடி. அதைத் தின்றாலும் மாயக்காட்சி வரும், அதையும் விசாரியுங்கள்.

கே (மஞ்சூர்): ஆஸ்பத்திரியில் கஞ்சா என்று சொன்னால் போலீஸ் வருமா?

ப: சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது 2017 மனநலச் சட்டப்படி மருத்துவரின் கடமை. என்ன, எவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், 14416. எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.