ஹைப்ரிட் காரில் 92-ம் 80-ம் சேர்ந்தால் ஏன் 172 ஆவதில்லை?

மாருதி சுசுகியின் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட் காரில் பெட்ரோல் இன்ஜின் 68 கிலோவாட் (சுமார் 92 குதிரைத்திறன்), மின்மோட்டார் 59 கிலோவாட் (சுமார் 80). ஆனால் கூட்டுத்திறன் 85 கிலோவாட்தான், அதாவது சுமார் 116. கூட்டுத்திறன் என்பது, இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் தரக்கூடிய அதிகபட்சம்.

மோட்டார் தானாகத் திறனை உண்டாக்குவதில்லை. அதற்கு மின்சாரம் வருவது இரண்டு வழியில்: பேட்டரியிலிருந்து, இல்லையென்றால் இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டரிலிருந்து. இரண்டாவது வழியில் வருவது இன்ஜினின் 68-க்குள் ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டது. புதிதாகச் சேர்வது பேட்டரி தருவது மட்டும். இங்கே ஏறத்தாழ 17 கிலோவாட். சின்ன பேட்டரி, அதற்கு மேல் தராது.

டெல்டாக்காரர்களுக்கு இது எளிது. மேட்டூரில் திறந்த தண்ணீரையும், அதே தண்ணீர் கல்லணையில் வெண்ணாற்றுக்குப் பிரிந்ததையும் கூட்டி யாராவது கணக்குச் சொல்வார்களா? வயலோரத்து போர்வெல் இறைப்பதுதான் கூடுதல் வரவு. பேட்டரி அந்த போர்வெல் மாதிரி. விடாமல் இறைத்தால் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். தஞ்சாவூர்–கும்பகோணம் சமவெளியில் இது தெரியவே தெரியாது. முழு ஆளோடு கொடைக்கானல் ஏறும்போது, சார்ஜ் இறங்கினால் இழுவை குறைவதை உணரலாம்.

முறுக்குவிசையையாவது (டார்க்) கூட்டலாம் என்று பலர் இன்ஜினின் 122-ஐயும் மோட்டாரின் 141-ஐயும் சேர்த்து 263 நியூட்டன் மீட்டர் என்கிறார்கள். அதுவும் தவறு, இரண்டும் வெவ்வேறு பல்சக்கர விகிதத்தில் சக்கரத்துக்குப் போகின்றன.