இரவு 9.25-க்கு நீங்கள் செய்த ஒரு போன்

கேள்வி: வணக்கம் வக்கீல் மேடம். தென்காசி பக்கம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 67. ‘போன மாத மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30-க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று எஸ்எம்எஸ் வந்தது. அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஈபி அதிகாரி என்று ஒருவர் மரியாதையாகப் பேசி, ஒரு ஆப்பை இறக்கி அதில் பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொன்னார். இரவு 8.41-க்கு 1,95,000, 8.50-க்கு 1,90,000 ரூபாய் போய்விட்டது. ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை. வங்கி கஸ்டமர் கேருக்கு உடனே போன் செய்தேன், கார்டை பிளாக் செய்துவிட்டோம் என்றார்கள். அப்படியும் நள்ளிரவில் 98,000 போனது. மறுநாள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தேன், சைபர் கிரைமில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். முதல் தொகை ஒரு கல்லூரி மாணவன் கணக்குக்குப் போயிருக்கிறது. அதில் 1,12,000 முடக்கப்பட்டுள்ளது. பையன் உள்ளே இருக்கிறான். அவன் அப்பா ஒன்றரை லட்சம் தருகிறேன், சமாதானமாகப் போகலாம் என்கிறார். வங்கி மேலாளர் எல்லோர் முன்னாலும் ‘வாத்தியாரே ஏமாறலாமா’ என்று கேட்டார். மகன் என்னோடு பேசுவதில்லை. ஈபி மீதும் வங்கி மீதும் மானநஷ்ட வழக்கு போடலாமா? அந்தப் பையனை நான் விடுவதாக இல்லை. (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

சார், நான்கு பக்கக் கடிதத்தில் ஈபிக்கு ஒன்றரைப் பக்கம், மேலாளருக்கு ஒரு பக்கம், மகனுக்கு முக்கால் பக்கம். வழக்கின் உயிர் இருக்கும் இடத்துக்கு ஒரே வரி: ‘கஸ்டமர் கேருக்கு உடனே போன் செய்தேன்.’

அந்த ‘உடனே’ எத்தனை மணிக்கு? நல்லவேளையாக ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறீர்கள். இரவு 9.25-க்கு அழைப்பு, ஆறு நிமிடம் பேச்சு. 9.31-க்கு ‘டெபிட் கார்டு முடக்கப்பட்டது’ என்று வங்கியின் எஸ்எம்எஸ், அதிலேயே புகார் எண். மூன்றாவது தொகை போனது 12.07-க்கு. பன்னிரண்டு மணி தாண்டினால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பு புதிதாகத் தொடங்கும், அதற்காகவே அந்த மோசடிக்காரன் காத்திருந்திருக்கிறான். அந்தக் காத்திருப்புதான் இப்போது உங்களைக் காப்பாற்றப் போகிறது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி சுற்றறிக்கையிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாடிக்கையாளரே கவனக்குறைவாக இருந்து பணம் போனால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது அவர் தலையில், தெரிவித்த பிறகு போனது முழுக்க வங்கி தலையில். புகார் வந்த உடனே மேற்கொண்டு பணம் போகாமல் தடுக்க வேண்டியதும் வங்கியின் கடமை. அவர்கள் செய்தது என்ன? கார்டை முடக்கினார்கள், பணம் போய்க்கொண்டிருந்த நெட் பேங்கிங்கைத் திறந்தே விட்டார்கள். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. ஆக அந்த 98,000 உங்கள் பணம். ‘எல்லாப் பரிவர்த்தனையும் ஓடிபியுடன்தான் நடந்தது’ என்று வங்கி எழுதிய பதில், 9.25-க்குப் பிறகு நடந்ததற்குப் பதிலே ஆகாது.

மானநஷ்டத்தை விட்டுவிடுங்கள். மேலாளர் கேட்டது நாகரிகமில்லைதான், அதற்காக வழக்கு நிற்காது. ஈபிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அவர்கள் பெயரை எவனோ பயன்படுத்தியிருக்கிறான். பத்து இலக்கத் தனியார் எண்ணிலிருந்து வந்த மிரட்டலுக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்? இரவு 9.30-க்கு லைன்மேன் கம்பம் ஏறி உங்கள் ஃபியூஸைப் பிடுங்க வரமாட்டார் என்பது அன்று மாலை உங்களுக்குத் தோன்றவில்லை. பயந்துபோனவருக்கு அது தோன்றாது, அதை நம்பித்தான் அவன் தொழிலே நடக்கிறது. மகன் விஷயம் என் எல்லைக்குள் வராது.

இப்போது எனக்குக் கவலை தருவது இரண்டு காகிதங்கள். ஒன்றை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள், இன்னொன்று கையெழுத்துக்காக உங்களிடம் வரப் போகிறது.

முதல் காகிதம் உங்கள் புகார். ‘ஓடிபியை யாருக்கும் சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாயால் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இறக்கிய ஆப் உங்கள் திரையை அப்படியே அவனுக்குக் காட்டும் ஆப். ஓடிபி உங்கள் போனில் விழுந்த அதே நொடி அவனும் படித்துவிட்டான். பத்து ரூபாய் கட்டுகிறேன் என்று யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் அடித்தீர்களே, அதையும் பார்த்தான். புகாரில் ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெட்கம்தான் காரணம் என்று தெரிகிறது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தை மறைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். நாளைக்கு வங்கி தன் சர்வர் பதிவுகளைக் கொண்டுவந்து வைக்கும்போது, ஒரு விஷயத்தை மறைத்தவர் மற்றதில் மட்டும் உண்மை பேசுவாரா என்ற கேள்வி எழும். அப்போது தங்கமான அந்த 9.25 அழைப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகும். சைபர் கிரைமில் கூடுதல் வாக்குமூலமாக ஆப் விஷயத்தை இப்போதே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். வங்கிக்கும் அதே உண்மையை எழுதுங்கள். முதல் இரண்டு தொகையில் கவனக்குறைவு உங்கள் பக்கம் என்று ஆகும், ஆகட்டும். மூன்றாவது தொகை அதனால் அசையாது.

வங்கிக்கு எழுதும்போது இன்னொன்று. கிளையில் மறுநாள் எழுதிக் கொடுத்த தேதியையே புகார் தேதியாகப் பதிவு செய்யும் வழக்கம் உண்டு. ‘இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் சார், ஃபார்மாலிட்டிதான்’ என்று நீட்டுவார்கள். போட்டால் 9.25 காணாமல் போகும். உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இரவு 9.25 அழைப்பும் புகார் எண்ணும் இருக்க வேண்டும். அந்த அழைப்பின் ஒலிப்பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் எழுத்தில் கேளுங்கள். ஒலிப்பதிவு நிரந்தரமாக இருக்காது.

உச்ச நீதிமன்றமே முழுப் பணத்தையும் தரச் சொல்லிவிட்டது என்று யாராவது உங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருப்பார்கள். 2025 ஜனவரியில் வந்த அந்த உத்தரவு 94,000 சொச்சம் ரூபாய் பற்றியது. அந்த வாடிக்கையாளர் பக்கம் கவனக்குறைவு இல்லை, 24 மணி நேரத்துக்குள் புகார் செய்தார் என்ற அடிப்படையில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. அதே உத்தரவில் ஓடிபியைப் பகிராமல் இருக்க வேண்டியது வாடிக்கையாளரின் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறது. மூன்று தொகைக்கும் அதைக் காட்டிப் போராடப் போனால் கையில் இருக்கும் 98,000-மும் வருடக்கணக்கில் இழுபடும்.

சரி, இரண்டாவது காகிதம், அதாவது பையனின் அப்பா கொண்டுவரப் போகும் சமாதானப் பத்திரம்.

நேராகவே சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். ஐயாயிரம் பத்தாயிரத்துக்குக் கணக்கை வாடகைக்கு விட்ட பையன் அவன். உங்களோடு போனில் பேசியவன் அவன் இல்லை, பேசியவனை அவனுக்கே தெரிந்திருக்காது. மோசடிக்கான பிரிவான பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-ல் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் விசாரணை முடிந்து தீர்ப்பு வருவதற்குள் உங்களுக்கு எழுபது தாண்டிவிடும், அந்தத் தண்டனையில் உங்களுக்கு ஒரு ரூபாய் வராது. ஜாமீன் கிடைக்கும் வரைதான் அந்த அப்பாவுக்கு அவசரம். கிடைத்த மறுநாள் உங்கள் போனை எடுக்க மாட்டார்.

ஆனால் அவர் சொல்லும் ஒன்றரை லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். பையன் கணக்கில் விழுந்தது 1,95,000. அதில் 1,12,000 முடங்கி நிற்கிறது, அது ஏற்கெனவே உங்கள் பணம். வெளியே போனது 83,000. அவர் தருவதாகச் சொல்வது அந்த 1,12,000 போகவா, சேர்த்தா? சேர்த்து என்றால் அவர் கையிலிருந்து வருவது வெறும் 38,000, மீதி உங்கள் பணத்தையே உங்களுக்குத் தானம் செய்கிறார். என் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் இதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது 83,000 புதுப் பணம், கூடவே முடங்கிய தொகையை உங்களுக்கு விடுவிக்கப் பையனின் ஆட்சேபணையில்லாக் கடிதம். ஐம்பதாயிரத்துக்கு இறங்கி வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் அந்த 1,12,000-ஐக் கேட்கும்போது அது பாதி வேலையை முடித்துவிடும். மனுவைத் தள்ளிப் போடாதீர்கள். அதே கணக்குக்கு வேறு மாநிலப் புகார் ஒன்று வந்துவிட்டால் ஒரே தொகைக்கு இரண்டு பேர் நிற்பீர்கள்.

அப்புறம், பணம் எப்படி வருகிறது? ‘மாமா கணக்கிலிருந்து ஜிபே செய்கிறேன்’ என்றால் வேண்டாம். என்னிடம் வந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர் அப்படித்தான் 60,000 வாங்கினார். அது இன்னொருவரிடம் ஏமாற்றிய பணம். மூன்றாவது வாரம் வேறு மாநில போலீஸ் சொல்லி அவருடைய கடைக் கணக்கையே வங்கி முடக்கியது. கடைப் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க மனைவியின் வளையலை அடகு வைத்தார். அப்பாவின் சொந்தக் கணக்கிலிருந்து உங்கள் பெயருக்கு டிடி, அதன் நகலோடு நீதிமன்றத்தில் மெமோ. வேறு எந்த வழியும் வேண்டாம். ஜாமீன் கொடுத்தால் பிறகு கட்டுகிறோம் என்ற உறுதிமொழியையும் ஏற்காதீர்கள். அப்படி உறுதி கொடுத்து ஜாமீன் வாங்கிவிட்டுப் பின்வாங்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றமே 2025-ல் கண்டித்திருக்கிறது. காசோலை பேச்சே வேண்டாம், பிறகு செக் பவுன்ஸ் வழக்கு ஒன்றையும் சேர்த்து நடத்த வேண்டியிருக்கும்.

கடைசியாக அந்தச் சமாதானப் பத்திரம். முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதில் ‘எங்களுக்குள் இருந்த கொடுக்கல் வாங்கல்’, ‘கைமாற்று’, ‘தவறான புரிதலால் கொடுத்த புகார்’, இந்த மூன்றில் எது இருந்தாலும் பேனாவைத் தொடாதீர்கள். பார்த்தால் சாதுவான வார்த்தைகள்தான். அதை வைத்துப் போலீஸ் மொத்த வழக்கையும் ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’, அதாவது விவரம் தவறாகப் புரிந்து கொடுத்த புகார், என்று மூடிவிடலாம். மோசடியே நடக்கவில்லை, தெரிந்தவர்களுக்குள் நடந்த கடன் விவகாரம் என்று வங்கி உங்கள் 98,000-ஐயும் மறுக்கும். புகாரே பொய் என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். இருக்க வேண்டியது இவ்வளவுதான்: இந்த எதிரியிடமிருந்து இன்ன தொகை பெற்றேன், இவரைப் பொறுத்த மட்டில் சமரசத்துக்கு ஆட்சேபணை இல்லை, மற்றவர்கள் மீதான வழக்கும் வங்கி மீதான என் கோரிக்கையும் தொடரும். ‘வாபஸ்’ வாங்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை. 318(4)-ல் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும், அந்த மனுவை அவர்கள் செலவில் அவர்கள் போடட்டும்.

98,000-க்கு வங்கி மறுத்த பதில் கையில் இருப்பதால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் நேரே போகலாம். அதற்குக் கால அவகாசம் உண்டு, தள்ளிப் போடாதீர்கள். கட்டணம் இல்லை. போலீஸ் வழக்கு நடப்பது அதற்குத் தடையில்லை. ஆனால் இதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்திலும் போட்டால் ஒம்புட்ஸ்மேனிடம் மனு நிற்காது, எனவே ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது. வக்கீல் மூலமாகப் போட்டாலும் ஒம்புட்ஸ்மேனிடம் எடுக்க மாட்டார்கள். எனக்கு நஷ்டம், உங்களுக்கு மிச்சம்.

8.50-க்குப் போன 1,90,000 ஐந்தாறு கணக்கு தாண்டி எங்கோ போய்விட்டது என்று விசாரணை அதிகாரி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தொகையைச் சரியாகச் சொல்லி, உங்கள் பெயரையும் சொல்லி, சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், ரீஃபண்ட் தயாராக இருக்கிறது, பிராசஸிங் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று ஒரு போன் வர நிறைய வாய்ப்பு உண்டு. ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்பனைக்குப் போகிறது. பேசுபவன் இந்த முறையும் மரியாதையாகத்தான் பேசுவான். வைத்துவிட்டு உங்கள் விசாரணை அதிகாரியை ஸ்டேஷன் எண்ணில் கூப்பிடுங்கள்.

அந்த போனை மருமகன் ஃபார்மட் செய்து தருவதாகச் சொன்னார் என்று பின்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். தொடவிடாதீர்கள். 9.25 அழைப்பும் 9.31 எஸ்எம்எஸ்ஸும் அதற்குள்தான் இருக்கின்றன. சிம்மை வேறு போனில் மாற்றிக்கொண்டு, இதை அணைத்து பீரோவில் வையுங்கள். சைபர் கிரைமில் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.